வண்டி இல்லக்கா

காலை பத்து மணி இருக்கும். துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு ஜெயமணி அக்கா நின்றார். வழக்கமாக அவர் கேட்டில் நிற்கிறவர் இல்லை. திறந்துகொண்டு நேரே அடுப்படிக்கே வந்துவிடுவார். அன்று வெளியிலேயே நின்றார். முழங்கை வரைக்கும் இட்லி மாவு.

"ஏட்டி ரேவதி, வண்டி இருக்கா?"

"இல்லக்கா. அவிய எடுத்துட்டுப் போயிட்டாவ."

அக்கா என் தோளுக்குப் பின்னால் ஒரு நொடி பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் மிச்சத் துணிகளைக் காயப் போட்டேன். மகளின் பள்ளிச் சீருடையை இரண்டு முறை உதறி, சுருக்கம் எடுத்து, கிளிப் மாட்டினேன். அவ்வளவுக்கும் எனக்கு நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், சாம்பல் நிற உறையைப் போர்த்திக்கொண்டு எங்கள் கார் நின்றது.

தெருமுனையில் தண்ணீர் கேன் போடும் லோடு ஆட்டோ அக்கா வீட்டு முன்னால் வந்து நின்றது. நான்கு பேர் ஒரு பாயின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாயில் அக்காவின் மாமியார் ஞானப்பூ அத்தை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. கேன்களை ஓரமாக நகர்த்திவிட்டு அத்தையை நடுவில் படுக்க வைத்தார்கள். அக்கா பக்கத்தில் ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. அக்கா என்னைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

நான் பொய் சொன்னேனா? பல மாதங்கள் ஆகியும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

எது வண்டி?

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டி என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். கழுகுமலையில் இருக்கும் என் அம்மாவுக்கு வண்டி என்றால் பஸ். "அஞ்சு மணி வண்டிக்கு வந்துரு" என்பார். விளாத்திகுளம் பக்கத்தில் மிளகாய் போடும் என் மாமனாருக்கு வண்டி என்றால் டிராக்டர். எங்கள் வீட்டில் வண்டி என்றால் பைக். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கார் வந்த பிறகும் அது கார்தான், வண்டி ஆகவில்லை. "வண்டியில போவோமா, கார்ல போவோமா?" என்றுதான் என் மகள் யாழினிகூடக் கேட்பாள்.

அன்று என் கணவர் எடுத்துக்கொண்டு போனது பைக்கை. ஆகவே நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

இதை ஒரு கணக்கு டீச்சரைப் போல எனக்கு நானே நிரூபித்துப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் கணக்கு டீச்சர்தான். நிரூபணம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கடைசி வரியை எழுதும்போது அக்கா என் தோளுக்குப் பின்னால் பார்த்த பார்வை வந்துவிடுகிறது.

கார் இல்லாத காலம்

யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. ஆடிக் காற்று. மழை பார்க்காத கரிசல் மண் மாவாகி, சாத்திய ஜன்னலுக்குள்ளும் வந்து உட்காரும். துடைத்த தரையில் விரலால் பெயர் எழுதலாம். மதியம் தூங்கி எழுந்தவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்புகளுக்கு நடுவில் சதை உள்ளே போய் உள்ளே போய் வந்தது.

என் கணவர் விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். கூப்பிட்டாலும் அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர ஒன்றரை மணி நேரம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

ஜெயமணி அக்காவின் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர் கழுவாத கையோடு பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்குக் கை நடுங்குது. பிள்ளைய என்கிட்ட குடு. நீ ஆட்டோ பிடிச்சு வா."

குடுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையை இன்னொருத்தரிடம் குடுத்துவிட்டு ஆட்டோவுக்கு நின்றேன். அக்கா முந்தானையால் அவளை முகத்தோடு சேர்த்து மூடிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது யாழினி அக்கா மடியில் இருந்தாள். முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க். அக்கா அவள் காதுக்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார், அவர்கள் சபையில் பாடும் பாட்டு.

அன்று சாயங்காலமே நான் என் கணவரிடம் சொன்னேன்: நமக்கு ஒரு கார் வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இப்போது யோசித்தால் அந்த வாக்கியம் எனக்கே விளங்கவில்லை. அன்று நான் யாரையும் கேட்கவே இல்லையே. கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்துவிட்டது.

பூஜையும் ஜெபமும்

கார் வருவதற்கு மேலும் இரண்டு வருடம் ஆனது. வெள்ளை நிறம், ஒருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. கழுகுமலைக் கோவிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். ஜெயமணி அக்காவும் எங்களோடு வந்திருந்தார். பூஜை நடக்கும்வரை வேப்பமர நிழலில் நின்றார். எல்லாம் முடிந்ததும் வந்து முன்பக்கம் கை வைத்து, கண்ணை மூடி, உதடு அசையாமல் ஜெபம் பண்ணினார். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு, இனி இன்சூரன்ஸ் எதுக்கு?" என்றார் என் கணவர்.

முதல் மாதம் அவர் காரிலேயே பள்ளிக்குப் போனார். ஒரு நாள் பள்ளி முடிந்து அப்படியே என் மாமனாரைப் பார்க்கப் போனார். மிளகாய்க் காட்டுப் பாதை ஓரத்தில், காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரையில் நிறுத்தினார். அரைமணி நேரம் ஒரு மழை. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் மேற்கொண்டு படிக்காமலே சிரித்துவிடுவார்கள். சக்கரத்தில் மண் அப்பி அப்பி, டயர் எது மண் எது என்று தெரியாமல் கார் வயிறு தரையில் படிந்து உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். "என்ன வாத்தியாரே, காரைப் பூட்டி உழுதுட்டீகளோ?" என்று கேட்காத ஆள் அந்த ஊரில் இல்லை.

அதிலிருந்து அவர் பழையபடி பைக்கில் பஸ் நிலையம் போய், அங்கிருந்து விளாத்திகுளம் பஸ் ஏறுகிறார். கார் உறை போர்த்தி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை உறையை எடுப்போம். காற்றுக் காலத்தில் உறைக்குள்ளும் மண் போயிருக்கும்.

கார் வந்ததும் இன்னொன்று நடந்தது. நானும் அக்காவும் ஒரே ஆட்டோவில்தான் மார்க்கெட்டுக்குப் போவோம். கார் வந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் காரில் போவேன் என்று நினைத்துக்கொண்டார் போல. அவர் கூப்பிடாததால் நான் தனியாக வேறொரு ஆட்டோவில் போனேன். மார்க்கெட்டில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வோம். யாரும் எதையும் கேட்கவில்லை. எனக்கும் வாயைத் திறந்து, "அக்கா, நானும் ஆட்டோலதான் வாரேன், என்னையும் கூப்பிடுங்க" என்று சொல்லத் தோன்றவில்லை. தோன்றியது. சொன்னால் கார் வைத்துக்கொண்டு ஏழை வேஷம் போடுகிறாள் என்று நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

என் லைசென்ஸ்

என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

இருபது நாள் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. நான் ஒழுங்காக நிறுத்தியபோதெல்லாம் நிறுத்தியது நானா அவரா என்று எனக்குத் தெரியாது. எட்டுப் போட்டேன், பாஸ் ஆனேன். பிறகு என் கணவர் பக்கத்தில் இருக்க, ஞாயிறு காலைகளில் ஆளில்லாத சாலையில் ஓட்டினேன். தனியாக ஒரு முறைகூட இல்லை. சாவி ஹாலில் காலண்டர் ஆணியில்தான் தொங்கும்.

இடுப்பு உடைந்த ஒரு மனுஷியை ஏற்றிக்கொண்டு, எதிரே வரும் பஸ்ஸுக்கும் பின்னால் ஹாரன் அடிக்கும் லாரிக்கும் நடுவில் என்னால் ஓட்டியிருக்க முடியுமா? முடியாது என்பதுதான் அன்றைக்கு நியாயமான பதில். அப்படியானால் "கார் இருக்குக்கா, எனக்கு ஓட்டப் பயம், ஆள் யாராவது பாப்போமா?" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தெருவிலேயே ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு வாக்கியம்தான்.

லோடு ஆட்டோ போனதும் கணவருக்குப் போன் போட்டேன். "நீ எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே, லைசென்ஸ் எதுக்கு வாங்குன?" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே, "நீ எடுக்காததும் நல்லதுதான், எங்கனயாவது இடிச்சிருந்தா யாரு பதில் சொல்லுதது?" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். இரண்டும் சரியாகவே இருந்தன.

"வாங்க"

அத்தைக்கு அறுவை செய்து, பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் இரண்டு முறை போயிருந்தேன். இரண்டு முறையும் சொந்தக்காரர்கள் நிறைய இருந்தார்கள். ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது ஜெயமணி அக்கா, "வாங்க" என்றார்.

ஐந்து வருடத்தில் என்னை அவர் வாங்க என்று சொன்னதே இல்லை. வாட்டி என்பார், எங்கட்டி போன என்பார், ஒன்றும் சொல்லாமல் முறத்தைக் கையில் கொடுத்துப் புடைக்கச் சொல்வார். அன்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கட்டிலில் இருந்த அத்தைதான் சத்தமாகப் பேசினார். கூவிக்கொண்டு போகும் வண்டியில் ஏறினவர்கள் திரும்பி வந்ததைத் தான் பார்த்ததில்லையாம், அதனால் ஆம்புலன்ஸ் வேண்டவே வேண்டாம் என்று விழுந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாராம். "தண்ணிக் கேனுக்கு நடுவுல என்னையும் ஒரு கேனா அடுக்கிட்டானுவ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கேனு ஒரு குதி, நான் ஒரு குதி" என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாதி சிரித்து நிறுத்தினேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு அக்காவிடம் விளக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் வண்டி என்றால் பைக், அந்த நினைப்பில்தான் சொன்னேன், கார் அந்த நேரம் மனதில் இல்லை என்று. நான் பேசப் பேச அது வீட்டில் ஒத்திகை பார்த்து வந்தது என்பது எனக்கே கேட்டது.

"அதுக்கென்ன, இதெல்லாம் சொல்லணுமா?" என்றார் அக்கா. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அத்தையை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. ஆட்டோவுக்குச் சொல்லியிருப்பதாக அத்தை சொன்னார். நான் காரில் கூட்டிப் போவதாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு இடுப்பு போச்சு, இன்னொண்ணுதானே" என்றார்.

செவ்வாய்க்கிழமை

முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, தலையணை வைத்து அத்தையை உட்கார வைத்தோம். அக்கா பின்னால் இருந்தார். யாழினி பள்ளிக்கூடத்தில். கணவர் விளாத்திகுளத்தில். பிரேக்கில் என் கால் மட்டும்தான் இருந்தது.

தெருவைத் தாண்டும் முன் இரண்டு முறை அணைந்தது. மெயின் ரோட்டில் எனக்குப் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் பூக்கடை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நான் "அத்தை, பிடிச்சுக்கோங்க" என்றேன். "நடந்து போறவன்லாம் நம்மளத் தாண்டிப் போறான்" என்றார் அவர், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே. அவர் குரலில் பயம் இல்லை. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. ஏசி போட மறந்திருந்தேன்.

அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றினேன். ஆட்டோவாக இருந்தால் இறக்கிவிட்டுப் போயிருக்கும். நான் உள்ளே போனபோது அத்தையை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். அக்கா நீள பெஞ்சில் தனியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். யாழினிக்கு மூச்சிழுத்த அன்று அக்கா அவளை மடியில் வைத்திருந்தது இதே ஆஸ்பத்திரியில்தான்.

அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ரேவதி, ஒண்ணு கேக்கேன். அன்னிக்கி நெசமாவே காரு ஞாபகத்துல வரலியா?"

ஒத்திகை பார்த்த பதில் வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலக்கா. இல்லன்னு சொல்லும்போது வரல. சொல்லி முடிக்கதுக்குள்ள வந்துட்டோன்னு இருக்கு. ஆனா நீங்க திரும்பிப் போகையில வந்துட்டு. கூப்பிட்டிருக்கலாம். எனக்கு ஓட்டப் பயம். பயத்துல துணி காயப் போட்டுக்கிட்டு நின்னுட்டேன்."

இதைச் சொல்லும்வரை எனக்கே இது தெரியாது. திரும்பிப் பார்த்த பிறகுதான் கார் நினைவு வந்தது என்கிற மாதிரிதான் நான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில்கூட எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அப்படித்தான் அத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"நானும் காருன்னு கேக்கல, பாத்தியா" என்றார். "நடுத்தெருவுல நின்னு யோசிச்சேன். அத்தை அங்கன கத்துதாவ, நான் வார்த்தையை யோசிச்சுக்கிட்டு நிக்கேன். காரக் குடுன்னு கேட்டு நீ இல்லன்னுட்டா, அப்புறம் உன் மொகத்த எப்படிப் பாக்க? வண்டின்னு பொதுவாக் கேட்டா, நீயும் எதையாவது சொல்லிக்கிடலாம், நானும் பேசாமப் போயிரலாம்."

"நான் இல்லன்னு சொல்லுவேன்னே கேட்டீங்களாக்கா?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார். "பிள்ளைக்கு முடியாதப்ப நான் உன்கிட்ட கேட்டுக்கிட்டா வாங்குனேன்? பிடுங்குனேன். காரு வந்த பெறவு என்னமோ உன் வீட்டு வாசல்ல நின்னு கேக்கணும்னு ஆயிட்டு."

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அத்தை வந்தார். இருவரும் எழுந்துகொண்டோம்.

திரும்பி வரும் வழியில்

இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். எழுது, பேரை மாத்திக்கோ என்றார். மாற்றியிருக்கிறேன். படித்துவிட்டு அவர் என்ன நினைப்பார் என்று தெரியாது. கார் இல்லாமல் இருந்தபோது நாங்கள் நன்றாக இருந்தோம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். அப்போது என் பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்க நான் தெருவில் நின்றேன். அதை மறக்க முடியாது. காற்றுக் காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் காருக்குள் தூங்குவதைப் பார்த்தால் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்றுதான் தோன்றுகிறது. அக்கா வாசலில் நின்ற அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இதை விற்றுவிடலாமா என்றும் தோன்றுகிறது. ஒரே நாளில் இரண்டும் தோன்றுவதுண்டு.

அன்று திரும்பி வரும்போது கார் ஒரு முறைதான் அணைந்தது. அத்தையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தோம். அடுத்து மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அக்கா.

"அதுக்கு நாங்க ஆட்டோல போயிக்கிடுதோம். உனக்கும் செரமம், பிள்ளைய வேற ஸ்கூலுக்கு அனுப்பணும்."

எனக்குள் அப்பாடா என்று இருந்தது. அது வந்த கையோடு நெஞ்சில் ஏதோ குத்தியது. இதில் எது முதலில் வந்தது என்று அன்றிரவு வரைக்கும் யோசித்தேன். சரிக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக்கா போணும்?" என்று கேட்டேன்.